குளிர் மருந்தான வரலாறு

பிறந்த குழந்தைக்குக் குளிர் ஆகாது என்பது நம் முன்னோர் கண்ட பாடம். ஜொகூர் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில், லயத்து வீட்டின் உள்ளறையில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி, குழந்தை அழுத மறுகணமே அதைத் துடைத்துத் துணியில் பொதிந்து தாயின் அணைப்பில் கிடத்துவாள். வெந்நீரில் குளிப்பாட்டுவாள், சாம்பிராணிப் புகை காட்டுவாள், காது மறையத் துணி கட்டுவாள். பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெண்களுக்குத் துணைநின்ற பீடானும் வெப்பத்தையே நம்பியவள்தான்.

இன்றோ, பிறக்கும் வேளையில் பிராணவாயு கிட்டாமல் மூளை தாக்குண்ட குழந்தையைப் பெரிய மருத்துவமனையில் சேர்த்தால், அங்கே அதன் உடலை வேண்டுமென்றே குளிரச் செய்வது உண்டு. 37 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டிய உடல் வெப்பத்தை 33 அல்லது 34 பாகைக்குத் தாழ்த்தி, 72 மணி நேரம் அந்நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்கும் பாட்டி திடுக்கிடுவாள். அவள் திடுக்கிடுவது நியாயமே. விஞ்ஞானமும் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அவள் கட்சியில்தான் இருந்தது. அது கட்சி மாறியது எப்படி, அந்த மாற்றம் எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் நன்மையாய் முடிந்ததா என்னும் இரண்டு கேள்விகளையே இக்கட்டுரை ஆராய்கிறது. இந்த வரலாறு பாரிஸ் நகரில் தொடங்கினாலும், அதன் மிக முக்கியமான அண்மை அத்தியாயங்கள் வேலூரிலும் சென்னையிலும் இலங்கையிலும் எழுதப்பட்டவை. ஆதலின் தமிழர் இதனை அறிந்திருத்தல் தகும்.

ஊறு நேர்ந்தது எப்போது?

மூச்சடைப்போடு பிறந்து பிழைத்த குழந்தைகளுள் சில, பின்னர் கைகால் விறைத்து, நடக்க இயலாமல் வளர்வதைத் தாய்மார் நெடுங்காலமாகவே கண்டிருந்தனர். மருத்துவ உலகில் இதனை முறையாக எடுத்துரைத்தவர் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். கடினமான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது நேரும் மூச்சடைப்பு ஆகியவற்றுக்கும் இந்த விறைப்பு நோய்க்கும் தொடர்புண்டு என்று 1861இல் அவர் லண்டன் பிரசவ மருத்துவச் சங்கத்தின் முன் விளக்கினார். பெருமூளை வாதம் என்று நாம் இன்று கூறும் நிலை நெடுநாள் ‘லிட்டில் நோய்’ என்றே வழங்கிற்று.

இக்கருத்தை மறுத்துக் கேள்வி எழுப்பியவர், பின்னாளில் உளப்பகுப்பாய்வால் உலகப் புகழ் பெற்ற சிக்மண்ட் பிராய்ட். அந்நாளில் அவர் நரம்பு நோய் மருத்துவர். கடினமான பிரசவமே நோய்க்குக் காரணம் என்று எப்போதும் கொள்ளலாகாது. கருவிலேயே நேர்ந்துவிட்ட வேறொரு கோளாற்றின் அறிகுறியாகவும் அந்தக் கடினப் பிரசவம் இருக்கலாம் என்று 1897இல் அவர் எழுதினார். ஊறு நேர்ந்தது பிறக்கும் பொழுதிலா, அதற்கு முன்னரா? இந்தக் கேள்வியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் இது மீண்டும் தலைகாட்டப் போகிறது.

வெப்பத்தின் வெற்றி

குழந்தை மருத்துவத்தின் முதற் பெருவெற்றி வெப்பத்தினால் கிட்டியது. பாரிஸ் பிரசவ மருத்துவர் டார்னியே, விலங்குக் காட்சிசாலையில் கோழிக் குஞ்சு பொரிக்கும் வெப்பப் பெட்டியைக் கண்டு, அதைப் போன்றதொரு பெட்டியை எடை குறைந்த குழந்தைகளுக்காகச் செய்வித்தார். 1880ஆம் ஆண்டளவில் அப்பெட்டி பாரிஸ் பிரசவ மருத்துவமனையில் பயன்பாட்டுக்கு வந்தது. அடியில் வெந்நீர், மேலே குழந்தை; அமைப்பு அவ்வளவே. அதுவரை 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளில் நூற்றுக்கு 66 இறந்தன. பெட்டி வந்தபின் அத்தொகை 38ஆகக் குறைந்தது.

இருப்பினும், எவ்வளவு வெப்பம் தேவை என்பது தெளிவாகத் தெரியவில்லை. அதற்கு விடை கண்டவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் வில்லியம் சில்வர்மன். குறைமாதக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை மற்றதைவிடச் சில பாகை கூடுதலான வெப்பமுள்ள பெட்டிகளில் வைத்து அவரும் அவர் துணைவரும் ஒப்பிட்டனர். 1958இல் முடிவு வெளியாயிற்று. கூடுதல் வெப்பத்தில் வைத்த குழந்தைகளில் பிழைத்தவை நூற்றுக்கு ஏறத்தாழ 15 அதிகம். சில பாகை வேறுபாட்டில் இத்தனை உயிர்கள் தங்கியுள்ளன என்பது மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. பாட்டியின் பாடம் கணக்கோடு மெய்ப்பிக்கப்பட்டது.

குளிரின் முதல் முயற்சி

அதே காலத்தில் குளிருக்கும் ஓர் ஆதரவுக் குரல் எழுந்தது. உடல் குளிர்ந்தால் உயிரணுக்களின் பிராணவாயுத் தேவை குறையும் என்பது அப்போதே தெரிந்த செய்தி. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1952இல் நோயாளியின் உடலைக் குளிர்வித்து, இதயத்தைத் திறந்து அறுவை செய்து வெற்றி கண்டனர். சுவீடன் நாட்டுப் பிரசவ மருத்துவர் பியோர்ன் வெஸ்டின், அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் மில்லருடன் சேர்ந்து, பிறந்து சில நிமிடமாகியும் மூச்சு விடாத குழந்தைகளைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, மூச்சு வந்தபின் எடுக்கும் முறையைக் கையாண்டார். இம்முயற்சி 1959இல் வெளியிடப்பட்டது.

பிழைத்த குழந்தைகள் நன்கு வளர்ந்ததாக அவர்கள் கூறினர். ஆயினும் முறை நிலைக்கவில்லை. குளிர்விக்காத குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமையால், பிழைத்தது குளிராலா, தானாகவா என்று சொல்ல வழியில்லை. மேலும் சில்வர்மனின் முடிவு அப்போதுதான் வெளிவந்திருந்தது. குளிரினால் குழந்தை சாகும் என்ற உண்மை கண்முன் நிற்க, குளிரால் குழந்தை பிழைக்கும் என்ற பேச்சை யார் கேட்பார்? மூச்சுக் கருவிகளும் செயற்கைச் சுவாச முறைகளும் பெருகவே, குளிர் முயற்சி மறக்கப்பட்டது.

வியப்பு யாதெனில், இயற்கை ஒரு குறிப்பை முன்னமே காட்டியிருந்தது. மூச்சடைப்போடு பிறந்த குழந்தையின் உடல் தானாகவே குளிர்கிறது. மற்றக் குழந்தைகளைப் போல விரைவில் வெப்பம் மீள்வதில்லை. இதனை பர்னார்ட், கிராஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர் 1958இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். அந்தக் குளிர்ச்சி கேடா, தற்காப்பா என்று அப்போது தெரியவில்லை.

ஆறு மணி நேரம்

திருப்பம் 1980களில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஏற்பட்டது. பேராசிரியர் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ் குழுவினர், காந்தப் புலத்தின் உதவியால், உயிருள்ள குழந்தையின் மூளையில் ஆற்றல் எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியிலிருந்தே அளக்கும் முறையைப் பயன்படுத்தினர். அவர்கள் கண்டது யாரும் எதிர்பாராதது. மூச்சடைப்பிலிருந்து மீட்கப்பட்ட குழந்தையின் மூளையில் முதல் நாள் ஆற்றல் ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது. அதன் பின்னரே மெல்லச் சரிந்து வீழ்ந்தது.

அஃதாவது, மூளை ஒரே அடியில் அழிவதில்லை. முதல் அடி பிராணவாயு நின்றபோது விழுகிறது. மூச்சு மீண்டதும் மூளை தேறியது போலத் தோன்றுகிறது. சில மணி நேரம் கழித்து இரண்டாம் வீழ்ச்சி வருகிறது. அப்போது உயிரணுக்களுள் சுண்ணச் சத்து வரம்பு மீறிப் புகுகிறது. அணுக்களுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகள் பழுதடைகின்றன. அணுக்கள் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும் செயல் தொடங்குகிறது. கூரையில் பற்றிய தீ அணைந்துவிட்டதென்று ஊரார் வீடு திரும்பியபின், கீற்றுக்குள் கிடந்த கங்கு நள்ளிரவில் மீண்டும் பற்றிக்கொள்வதைப் போன்றது இது.

தீ அணைந்ததற்கும் கங்கு மூள்வதற்கும் இடையில் உள்ள சில மணி நேரமே மருத்துவருக்குக் கிடைத்த வாய்ப்பு. அந்த இடைவேளையில் குளிர்வித்தால் என்ன? 1995இல் மரியான் தோரசன் முதலியோர் பன்றிக் குட்டிகளிலும், 1997இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அலிஸ்டர் கன் குழுவினர் தாய் வயிற்றிலிருந்த ஆட்டுக் குட்டிகளிலும் செய்த சோதனைகள், சில பாகை குளிர்ச்சியே மூளையைப் பெரிதும் காப்பதைக் காட்டின. ஆனால் காலம் தவறினால் பயன் குன்றியது. வெஸ்டின் தவறவிட்டது இதைத்தான். மூச்சை வரவழைக்கும் கருவியாக அவர் குளிரைக் கொண்டார். உண்மையில் அது மூச்சு வந்தபின், அளவோடும் நெடுநேரமும் கொடுக்க வேண்டிய மருந்து.

2005ஆம் ஆண்டு இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாயின. தலைக்கு மட்டும் குளிர்த் தொப்பி அணிவித்த ஆய்வில் 234 குழந்தைகள் பங்குபெற்றன. அதன் மொத்த முடிவு உறுதியாக இல்லை. மற்றது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த, இந்திய வழிவந்த பேராசிரியை சீதா சங்கரன் தலைமையில் நடந்தது. 208 குழந்தைகளில் பாதியைப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் குளிர்ப் போர்வையில் கிடத்தி, 33.5 பாகையில் 72 மணி நேரம் வைத்தனர். இறந்தோ கடுமையான அல்லது நடுத்தரமான ஊனமுற்றோ போனவை, வழக்கமான கவனிப்பில் இருந்த பகுதியில் நூற்றுக்கு 62; குளிர்வித்த பகுதியில் 44. 2009இல் பிரிட்டனிலிருந்து 325 குழந்தைகளின் ஆய்வு வந்து நம்பிக்கையை வலுப்படுத்தியது. 2013இல் 11 ஆய்வுகளையும் 1505 குழந்தைகளையும் ஒருங்கு சேர்த்துக் கணக்கிட்டபோது, 7 குழந்தைகளைக் குளிர்வித்தால் ஒன்று சாவிலிருந்தோ பெரும் ஊனத்திலிருந்தோ தப்புகிறது என்று தெரிந்தது. அதற்குமுன் எந்த மருந்தும் பயன்படாத நோய்க்கு இது சிறிய வெற்றியன்று.

வேலூரின் நம்பிக்கை

இந்நோய் மிகுதியாகக் காணப்படுவது செல்வ நாடுகளிலன்று, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும்தான். குளிர்விக்கும் இயந்திரமோ விலை உயர்ந்தது. ஆகவே எளிய வழி தேடினர். உகாண்டாவின் கம்பாலா நகரில் தண்ணீர்ப் புட்டிகளை வைத்துக் குளிர்வித்துப் பார்த்த 36 குழந்தைகளின் சிற்றாய்வு 2008இல் வெளியாயிற்று. அதில் குளிர்வித்த 21 குழந்தைகளில் 7 இறந்தன. மற்ற 15இல் ஒன்றே இறந்தது. எண்ணிக்கை சிறிது, ஆயினும் அது ஓர் எச்சரிக்கை.

தமிழ்நாட்டில் முயற்சி வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் நடைபெற்றது. டாக்டர் நிரஞ்சன் தாமஸ் குழுவினர், துணியில் சுற்றிய குளிர்ந்த களிமப் பைகளைக் கொண்டே 20 குழந்தைகளைக் குறித்த அளவில் குளிர்விக்க முடிந்ததை 2011இல் வெளியிட்டனர். பின்னர் அதனினும் நுட்பமான ஒன்று கைவந்தது. பனிக்கட்டி உருகி முடியும்வரை அதன் வெப்பநிலை மாறாமல் நிற்பதை நாம் அறிவோம். அதுபோல 20 பாகையை அடுத்தோ 30 பாகையை அடுத்தோ உருகுமாறு செய்த பொருள்களும் உண்டு. அத்தகைய பொருளை அடைத்த மெத்தையின்மேல் குழந்தையைக் கிடத்தினால், பொருள் உருகும்போது குழந்தையின் வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளும். ஆனால் தான் உருகும் நிலைக்குக் கீழே அதைக் குளிர்விக்காது. மின்சாரம் அறுந்தாலும் குளிர்ச்சி அறாது. அடிக்கடி மின்சாரம் தடைப்படும் ஊர்களுக்கு இது பொருத்தமான கருவி அல்லவா?

வேலூரிலேயே 50 குழந்தைகளை இரு பகுதியாக்கி, நார்வே ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து செய்த ஆய்வு 2020இல் வெளியாயிற்று. மூளைப் படங்களில், குளிர்வித்த குழந்தைகளின் சேதம் குறைவாகக் காணப்பட்டது. தமிழ் மண்ணிலும் குளிர் பயன் தரும் என்னும் நம்பிக்கை வளர்ந்தது.

2021இன் அதிர்ச்சி

மறு ஆண்டே எதிர்பாராத முடிவு வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பேராசிரியர் சுதின் தையில் தலைமையில் இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளில் 7 பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து 2015 முதல் 2019 வரை நடத்திய ஆய்வு அது. சென்னை மருத்துவக் கல்லூரியும் இலங்கையின் களனிப் பல்கலைக்கழகமும் அதில் பங்கேற்றன. மொத்தம் 408 குழந்தைகள். எளிய கருவிகள் அல்ல. மேனாட்டில் வழங்கும் தானியங்கு குளிர்விப்பு இயந்திரங்களே பயன்பட்டன. தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைகளே தேர்ந்தெடுக்கப்பட்டன.

இறப்பும் பெரும் ஊனமும் சேர்ந்த கணக்கில், குளிர்வித்த பகுதியில் நூற்றுக்கு 50. குளிர்விக்காத பகுதியில் 47. பயன் ஏதுமில்லை. இறப்பை மட்டும் எடுத்தால் குளிர்வித்த பகுதியில் 42, மற்றதில் 31. குளிர் காக்கவில்லை, இறப்பு கூடியிருந்தது. குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உள்ள நாடுகளில், வசதியுள்ள மருத்துவமனைகளிலும்கூட, இந்நோய்க்குக் குளிர்விப்பைக் கையாளலாகாது என்று ஆய்வாளர் எழுதினர்.

ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே கருவி. டெட்ராய்ட்டில் உயிர் காத்தது சென்னையில் ஏன் காக்கவில்லை? கருவியைக் குறை சொல்ல வழியில்லை. அப்படியானால் நோய்தான் வேறாக இருக்க வேண்டும். மேனாட்டு ஆய்வுகளில் சேர்ந்த குழந்தைகளுள் பலவற்றுக்கு ஊறு திடீரென்று, பிறப்பை ஒட்டியே நேர்ந்தது: கொடி முன்னே நழுவி நசுங்கியது, நஞ்சு முன்கூட்டியே பிரிந்தது போன்றவை. தெற்காசியக் குழந்தைகளின் மூளைப் படங்களோ வேறு கதை சொல்லின. நெடுநேரம் நீடித்த பிரசவத்தில், அல்லது அதற்கும் முன்னரே, பிராணவாயு சிறுகச் சிறுகக் குறைந்து ஏற்பட்ட சேதமாக அது இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதினர். கிருமித் தொற்றும் தாயின் போஷாக்குக் குறைவும் துணைக் காரணங்களாக இருக்கக்கூடும். அவ்வாறாயின் அந்த 6 மணி நேர வாயில், குழந்தை பிறக்குமுன்னரே மூடிவிட்டது. கங்கு எரிந்து சாம்பலான பிறகு நீர் ஊற்றுவதால் பயனில்லை.

1897இல் பிராய்ட் கேட்ட கேள்வி இவ்வாறு திரும்பி வந்தது. ஊறு நேர்ந்தது எப்போது என்று அறியாமல் மருந்தைக் கொடுத்தால், மருந்து பழுதற்றதாயினும் பலன் பழுதாகும்.

ஜொகூருக்கு இதில் என்ன?

மலேசிய மருத்துவமனைகளுக்கான குழந்தை மருத்துவ நெறிமுறை நூல் குளிர்விப்பை ஏற்றுள்ளது. 2012ஆம் ஆண்டு நாட்டின் பிறந்த குழந்தைகள் பதிவேட்டின்படி, அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ இரண்டரை என்ற அளவில் இந்நோய் இருந்தது. மலேசியா அந்த மூன்று நாட்டு ஆய்வில் இல்லை. இங்குள்ள பிரசவக் கவனிப்பும் வருவாயும் அந்நாடுகளினும் மேம்பட்டவை. ஆதலின் சென்னையின் முடிவை அப்படியே இங்குப் பொருத்துவதும் தவறு. டெட்ராய்ட் முடிவை அப்படியே பொருத்துவதும் தவறு. நம் குழந்தைகளுக்கு ஊறு எப்போது நேர்கிறது என்பதை நம் பதிவேடுகளிலிருந்தே காண வேண்டும்.

அதுவரை ஒன்று உறுதி. மெர்சிங்கிலோ சிகாமட்டிலோ ஒரு குழந்தை அழாமல் பிறந்தால், 6 மணி நேரம் என்பது நீண்ட நேரமன்று. மூச்சை மீட்க வேண்டும். நோயின் தரத்தை அறிய வேண்டும். தக்க மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இடையில் யாரும் தாமாகக் குளிர்விக்க முயலக்கூடாது. தாக்குண்ட குழந்தை தானே குளிர்வதால், கவனியாது விட்டால் அளவு கடந்து குளிர்ந்துவிடும். அளவு தவறிய குளிர் கொல்லும் என்பதில் பாட்டியும் சில்வர்மனும் ஒரே கருத்தினர். நலமாய்ப் பிறந்த குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் வெப்பமே காப்பு என்ற பழைய பாடத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

இதனினும் பெரிய பாடம் ஒன்றுண்டு. மலாயா விடுதலை பெற்ற 1957இல், உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 75 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இன்று அத்தொகை பத்துக்கும் கீழே நிற்கிறது. இத்தனை உயிர்களைக் காத்தது குளிர் இயந்திரமன்று. கிராமச் சிகிச்சை நிலையம், பயிற்சி பெற்ற தாதி, 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் பதிவுபெற்ற மருத்துவச்சிகள், தூய நீர், தாயின் உணவு, காலத்தில் கிடைத்த மருத்துவமனை ஆகியவையே காத்தன. மூச்சடைப்பு நோய்க்கும் முதல் மருந்து அங்கேதான் இருக்கிறது. கர்ப்பிணியின் இரத்தச் சோகையைப் போக்குதல், வலி ஊசியை அளவோடு கையாளுதல், பிரசவ வேளையில் குழந்தையின் இதயத் துடிப்பை இடைவிடாது கேட்டறிதல், துடிப்பு தளர்ந்தால் தாமதியாது செயற்படுதல் ஆகியன கங்கு விழாமல் காக்கும் செயல்கள்.

குளிர்விப்பு, விழுந்துவிட்ட கங்கை அணைக்கும் முயற்சி. அணைக்கும் கலையை மனிதன் கண்டது பெருமைக்குரியதே. அந்தக் கலை எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதைத் தம் துயரத்துக்கிடையிலும் உலகுக்கு அறிவித்தவர்கள், தம் குழந்தைகளை ஆய்வில் சேர்க்க இசைந்த சென்னை, களனி, டாக்கா நகரத்துத் தாய்மார். இனி எந்த நாட்டு மருத்துவரும், குளிர்ப் போர்வையை விரிக்குமுன் இந்தக் குழந்தைக்கு ஊறு எப்போது நேர்ந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியை நிலைநாட்டியவர்கள் அந்தத் தாய்மாரே.